உறை போடாத பை

தொழிற்சாலையில் அவளை ஐஸ் என்று கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், சுபாவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. வேலையைப் பார்த்து வைத்த பெயர்தான். பிற்பாடு சுபாவத்துக்கும் பொருந்தியது என்றால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அடிபட்ட இடத்தில் வைக்கிற குளிர்ப்பைகளை அங்கே செய்தார்கள். வெளிப்பைக்குள் வெள்ளைக் குருணை. பார்த்தால் சர்க்கரை மாதிரி இருக்கும். குருணைக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய ஒரு சிறுபை. சிறுபையின் ஓரத்தை வேண்டுமென்றே பலவீனமாக ஒட்டியிருப்பார்கள். இரண்டு கையாலும் அழுத்தினால் உடைய வேண்டும், லாரியில் குலுங்கினால் உடையக் கூடாது. உடைந்ததும் குருணை தண்ணீரில் கரையும். கரைவதற்கு அதற்குச் சூடு வேண்டும். பக்கத்தில் இருக்கிற தண்ணீரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் பையிடமிருந்து, பை கையிடமிருந்து. தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சூப்பர்வைசர் இதைச் சொல்லும்போதெல்லாம் பெண்கள் வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து சொல்வார்கள். அவ்வளவு மனப்பாடம்.

ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பையை எடுத்து உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. உடைத்து, ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வாள். முதலில் ஒன்றும் இராது. பிறகு ஒரு குறுகுறுப்பு. அப்புறம் சுரீரென்று கடிக்கும். கடி சீக்கிரம் வந்தால் தட்டு முன்னால் போகும், இழுத்தடித்தால் பின்னால் போகும். மேசை மேல் ஒரு வெப்பமானியும் இருந்தது. அது நின்று நிதானித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் தட்டுகள் குவிந்துவிடும் என்பதால் அதை யாரும் தொடுவதில்லை.

"மெஷின் பொய் சொல்லும். ஐஸ் கை பொய் சொல்லாது" என்பார் சூப்பர்வைசர்.

உடைத்த பைகளை ஒரு வாளியில் போடுவாள். வேலை முடிந்து வாளியைக் கவிழ்க்கும்போது எல்லாப் பையும் அறையின் சூட்டுக்கு வந்திருக்கும். யாரிடமிருந்தோ வாங்கி ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

கடி எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியாது. முதலில் தாமதித்தது. பைகளில்தான் கோளாறு என்று நினைத்துத் தட்டுகளைப் பின்னால் தள்ளினாள். சூப்பர்வைசர் வெப்பமானியை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவள், "ஆமா சார், நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் உள்ளங்கையில் ஊசியால் குத்திப் பார்த்தாள். ரத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சமைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தாள். நன்றாகக் குளிர்ந்த பையின் மேல் வியர்வை மாதிரித் தண்ணீர் பூக்கும். பொடிப் பொடியாக, பிறகு முத்து முத்தாக. முத்து சீக்கிரம் கட்டினால் தட்டு முன்னால் போகும். கையில் வைத்து மூடிக்கொள்வதை மட்டும் விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

பக்கத்து இயந்திரத்தில் பைகளின் வாயை ஒட்டுகிறவளைச் சீல் என்பார்கள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். அவள் ஒரு நாள் தேநீர் இடைவேளையில் கேட்டாள்.

"என்னடி, இப்பல்லாம் கண்ணாலயே ஐஸ் பாக்கறே?"

"ம்."

"ம்முன்னா?"

"ம்முதான்."

சீல் அதற்கு மேல் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. கனத்த வாய்க்கு அது பெரிய காரியம்.

*

புருஷன் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தார். பக்கவாதம். பேச்சு திரும்பியது, இடது கை ஓரளவு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரமாக இழுத்துப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே பேருந்துகள் மேடேறும். சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவனை எடைபோடுவார்.

"பாரு, கியரைக் கடிச்சுத் தின்னுறான். இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

"உங்களுக்குக் குடுத்த ஆளுதான்."

"நான் ஓட்டுறப்ப உள்ள உக்காந்திருக்கிறவன் தூங்கிடுவான்டி."

"நீங்களும் தூங்காம இருந்தீங்களே, அது போதும்."

இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வேறு பேச்சு அவர்களுக்குள் முன்பும் அதிகம் கிடையாது.

அந்தக் காலில் ஊசி குத்தினாலும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. ஆனால் குளிருகிறது என்பார். ஒன்றும் தெரியாத கால் குளிருவதாவது என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். அப்படிச் சிலருக்கு இருக்கும் என்றார் டாக்டர். காலில் ஏதாவது தெரிய ஆரம்பித்தால் உடனே வந்து சொல்லச் சொன்னார், மருந்தை மாற்ற வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் சூட்டுப்பை செய்ய ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி வைத்து ஒன்றைக் காட்டினார். கண்ணாடி மாதிரித் தெளிந்த திரவம். உள்ளே சின்னதாக ஒரு உலோகத் தகடு மிதந்தது.

"இது உறைய வேண்டிய திரவம். ஆனா உறையாம நிக்குது. இந்தத் தகட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினா, திடீர்னு ஞாபகம் வந்த மாதிரி உறைய ஆரம்பிச்சிடும். சூடாயிடும்."

"உறைஞ்சா ஐஸ்தானே சார் ஆகணும்? சூடு எங்கேருந்து வரும்?" என்றாள் சீல்.

"கொதிக்கிற தண்ணியில போட்டுக் கரைக்கிறோம் இல்லையா, அப்ப வாங்கின சூட்டை உள்ளயே வச்சிருக்கு. உறையறப்ப வெளிய விடுது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சார். என்னைக்கோ வாங்கினதை உள்ளயே வச்சிருந்து ஒரு நாள் விடுவாரு. என்ன, தகடு எங்கே இருக்குன்னு தெரியறதில்லை."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தகட்டைச் சொடுக்கினார். அதைச் சுற்றி ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஊசி ஊசியாகப் படர்ந்து ஓடி, பை முழுவதும் வெள்ளையாகிக் கெட்டிப்பட்டது. பெண்கள் ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஐஸும் தொட்டாள். பிளந்தவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினாள்.

சூட்டுப்பைக்கு ஒரு துணி உறை உண்டு. உறையில்லாமல் தோலில் வைக்கக் கூடாது என்று அந்த உறையின் மேல்தான் அச்சடித்திருந்தார்கள். ஓரம் கோணலாக ஒட்டிய பைகளுக்கு உறை போடாமல் ஒதுக்கிவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். அவள் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவருக்கு அதைப் பார்ப்பது பிடித்திருந்தது. நல்ல கையால் அவரே தகட்டைச் சொடுக்குவார். வெள்ளை ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். "போச்சு, போச்சு, அந்த மூலைக்கும் போயிடுச்சு" என்பார். அவள் அதைத் துண்டில் சுற்றிக் காலோடு சேர்த்துவைத்துப் போர்வையால் மூடுவாள். ஆறிய பையைப் பிறகு வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்தால் பழையபடி தெளிந்துவிடும். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

*

வார விடுமுறை அன்று மத்தியானம் அவர், "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தியா இருக்குடி" என்றார்.

சொடுக்கினார். வெள்ளை ஓடியது. அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தாள். சூடு இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. பழைய பை, எத்தனையோ முறை கொதித்தது, சத்துப் போய்விட்டது என்று முடிவு செய்தாள்.

கையில் கடி நின்றுபோனது அவளுக்குத் தெரியும். ஆனால் போனது குளிர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குளிர் ஒரு மேசை, சூடு ஒரு மேசை. குளிர் மேசையில் கெட்ட கை சூட்டுக்கு ஆகாது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அடுப்படியில் எதையும் துணி பிடித்தே எடுத்துப் பழக்கம். விரலில் எப்போதாவது கொப்புளம் கிளம்பினால் தன் கவனக்குறைவு என்று விட்டுவிடுவாள். சூப்பர்வைசர் காட்டிய பையில் சூடு தெரியாததைக்கூட, கூட்டத்தில் சரியாகத் தொடவில்லை என்று விட்டிருந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். மணிக்கட்டில் வைத்துப் பார்த்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைச் செய்திருப்பார்கள். இத்தனை வருஷம் உள்ளங்கையால் பார்த்தே பிழைத்தவளுக்கு அது ஓடவில்லை.

"ஆறிப்போன மாதிரி இருக்கு. துண்டு இல்லாம வைக்கிறேன்" என்றாள்.

"வையி."

பாதத்தின் மேல் வைத்தாள். நழுவாமல் இருக்கப் போர்வையை இறுக்கிச் செருகினாள். துணி துவைக்கப் போனாள்.

நாத்தனார் வந்தது அப்போதுதான். அவருக்கு மூத்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. வந்தால் முதலில் ஜன்னலைத் திறப்பாள், பிறகு போர்வையை உதறுவாள், பிறகுதான் உட்காருவாள். அன்றைக்குப் போர்வையை இழுத்தபோது கூடவே பையும் வந்தது. பையோடு தோலும் வந்தது.

சத்தம் கேட்டு அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். பாதத்தின் மேல்பக்கம் வெளுத்தும் சிவந்தும் கிடந்தது. அவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் அப்படி நிக்கிறீங்க?" என்றார்.

*

மருத்துவமனையில் கட்டுப் போட்ட நர்ஸ் கேட்டாள். "வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சூடு தெரியலையா?"

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்குறாங்கல்ல, சொல்லேன்" என்றாள் நாத்தனார். "சூட்டையும் குளிரையும் தொட்டுப் பாத்துச் சம்பளம் வாங்குறவ. அவளுக்கா தெரியாது? தொட்டுப் பாத்துத்தான் வச்சிருக்கா."

வீடு திரும்பும் வழியெல்லாம் நாத்தனார் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் உள்ளே ஏதோ கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துக்கிட்டு வரேன். தம்பியை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அக்கா..."

"உன்னைக் குத்தம் சொல்லலை. உனக்கு வேலை இருக்கு, ஓடணும். மனசு மரத்துப்போச்சு. எல்லாருக்கும் ஆகுறதுதான். ஆனா என் தம்பியை வெந்த காலோட இங்க விட்டுட்டு என்னால தூங்க முடியாது."

அவர் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். நாத்தனார் போனதும், "அங்க போனா அவ பேச்சுலயே மீதிப் பாதியும் மரத்துடும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நாத்தனார் வீட்டில் அவருக்குக் கொடுப்பதாகச் சொன்ன அறை பின்பக்கம் இருந்தது. அங்கே ஜன்னல் சுவரைப் பார்த்திருக்கும்.

மறுநாள் வேலையில் சீலிடம் சொன்னாள். சொல்லும்போது தட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்து கட்டியது. தட்டு முன்னால் போனது.

"கை மரத்துப்போச்சுன்னு நாத்தனார்கிட்டச் சொல்லிடு" என்றாள் சீல்.

"சொன்னா?"

"சொன்னா, வேணும்னு செய்யலைன்னாவது தெரியும். ஆனா அந்த அம்மா வாயில போட்டது ஊரைச் சுத்திட்டு இங்கதான் வந்து நிக்கும். சூப்பர்வைசர் காதுல விழுந்தா உன் மேசை போயிடும்."

"ம்."

"அவரு வேணுமா, மேசை வேணுமா? அதைச் சொல்லு."

அவள் ஒரு பையை உடைத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். கட்டில், ஜன்னல், மேடேறும் பேருந்து. வருத்தமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை. ஆனால் அந்தக் கட்டிலை யாராவது பிரித்து எடுத்து வைப்பதை மட்டும் அவளால் நினைக்க முடியவில்லை. அந்த இடம் வந்ததும் நினைப்பு திரும்பி ஓடியது.

"அவரு" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வேனைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தாள். துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவருடைய சட்டைகளைக் கழுத்துப்பட்டை மேலே வரும்படி அழகாக மடித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்குக் கையில உணர்ச்சி இல்லை. வேலையில போயிடுச்சு. அன்னைக்குத் தொட்டுப் பாத்தேன். சூடு தெரியலை. அதான் துண்டு இல்லாம வச்சேன்."

நாத்தனார் மடிப்பதை நிறுத்தினாள். எழுந்து வந்து அவளுடைய கையை இழுத்து உள்ளங்கையைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அடிப்பாவி, எத்தனை நாளா?"

"தெரியலை."

நாத்தனார் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரிந்தது, பார்த்துக்கொண்டிருந்ததால்.

"சரி" என்றாள் நாத்தனார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "உன்னைத் தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சுக்க. ஆனா நீயே சொல்லு. காலு செத்தவனைக் கை செத்தவ பாத்துக்க முடியுமா? அன்னைக்குக் காலு. நாளைக்கு வெந்நி ஊத்திக் குளிப்பாட்டுவே. முன்னாடியாவது உன்னைத் திட்டினா கவனமா இருப்பேன்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை. இனிமே விட்டுட்டுப் போகவே முடியாது."

நாத்தனார் சொன்னதில் அவளால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போய் அலமாரியிலிருந்து மீதிச் சட்டைகளை எடுத்து வந்து நாத்தனார் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா தெரியும்?"

"சூடு. அன்னைக்குக் காலுல சூடு தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா கத்தியிருக்க மாட்டே?"

"இத்தனை நாளுக்கு அப்புறம் ஒண்ணு தெரியுது. எடுக்கச் சொல்லுவேனா? இதமா இருந்துச்சு. அப்படியே கிடந்தேன். அவ மேல என்ன இருக்கு? தப்பு என்னோடது."

நாத்தனார் அவரையே பார்த்தாள். "தம்பி, என்கிட்ட விளையாடாதே."

"விளையாட்டு என்ன? காலு திரும்பிக்கிட்டிருக்கு. இனிமே சூடுன்னா நான் சொல்லுவேன். அவ கை எதுக்கு? என் காலு போதும். நீ வேனைத் திருப்பி அனுப்பு. கீழ நிறுத்தியிருக்கான் பாரு, பேருந்து ஏறுற இடத்துல. புத்தி இருக்கா அவனுக்கு?"

நாத்தனார் அழுதாள். சந்தோஷத்திலா வேறெதிலா என்று சொல்ல முடியாது. மடித்த சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். போகும்போது, "வாரம் முழுக்க வந்து பாப்பேன், சொல்லிட்டேன்" என்றாள். "வெந்நி நான் வந்துதான் ஊத்துவேன். அதுல மாத்தமில்லை."

வேன் கிளம்பிப் போனது. கியர் மாறிய சத்தத்துக்கு அவர் முகத்தைச் சுளித்தார்.

*

காலில் ஏதாவது தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தை மாற்ற வேண்டும். சொல்வதற்கு முன்னால் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

சமையலறை அலமாரியில் குளிர்ப்பை ஒன்று எப்போதும் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அதை உடைத்தாள். குலுக்கினாள். முத்து கட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பை, சீக்கிரம் கட்டியது.

கட்டிலுக்கு வந்து போர்வையை ஓரமாக விலக்கினாள். கட்டுப் போட்ட பாதத்துக்கு எட்டாமல், முழங்காலுக்கு மேலே, துண்டை விரித்துப் பையை வைத்தாள். அவர் திரும்பவில்லை. வெளியே மேட்டில் ஒரு பேருந்து திணறிக்கொண்டிருந்தது.

"என்ன வைக்கிறே?"

"சும்மா. தெரியுதா?"

"தெரியுதே."

"எப்படி இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சூடா இருக்கு. இதமா. துண்டு வச்சிருக்கே இல்லே?"

"வச்சிருக்கேன்."

"அதான் பாத்தேன். அன்னைக்கு மாதிரி இல்லை. அன்னைக்குச் சுளீர்னு இருந்துச்சு. இது அளவா இருக்கு."

பையின் மேல் முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வழிந்து துண்டை நனைத்தன. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத் துண்டையும் உருவினாள். தொடையில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போர்வையைத் திரும்ப இழுத்துவிட்டாள். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டியதில்லை. மேசை போகிறதா இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

"எடுத்துடாதே" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள்.

பேருந்து மேடேறி முடித்தது. "இவன் பரவாயில்லை, ஓட்டுறான்" என்றார். அவள் பையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, அதன் மேல் தண்ணீர் பூப்பது நிற்கும்வரை கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.